பின் ஆசனத்தில் மூன்று பிள்ளைகள்



அறபுக் கல்லூரியில் ஓதி, பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மௌலவி, காரின் பின் ஆசனத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறாரே என்று நீங்கள் வியப்படையக் கூடும். வாகனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டத் தெரிந்த அளவுதான். ஆனால் கடந்த நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில், எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. மூன்று பிள்ளைகள், ஒரு சின்னக் கார், புத்தளத்தில் உறவுகள் என்று இருக்கும் வீடுகள் எங்கள் சோனகத் தெருவில் மட்டும் எத்தனையோ. ஆகவே நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு அந்தப் பாடு குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து புத்தளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மஃரிப் கடந்து இருட்டிவிட்டது. மாங்குளத்துக்கு இப்பால், வீதியில் மாடுகள் படுத்துக் கிடந்தன. ஏ9 வீதியில் இரவில் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. தார் சூடாக இருப்பதால் மாடுகள் அங்கே வந்து படுக்கும். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் நான் அவற்றைக் காணவில்லை. கண்டதும் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். மாட்டில் மோதவில்லை. ஆனால் முன் ஆசனத்தில் என் மனைவியின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த எட்டு மாதப் பிள்ளை, அவருடைய கைகளுக்குள்ளிருந்து வழுகிப்போய், முன்னால் இருந்த பலகையில் நெற்றி இடிபட விழுந்தான். பின்னால் நின்றுகொண்டு வந்த நாலு வயது மகள் என் ஆசனத்தின் முதுகில் முட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூத்தவன் மட்டும் தப்பினான்.

அல்ஹம்துலில்லாஹ், நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. கிளிநொச்சியில் நிறுத்தி டொக்டரிடம் காட்டினோம். அவர் பிள்ளையைப் பார்த்து முடித்த பின், "மௌலவி, நீங்கள் ஆசனப் பட்டி போட்டிருந்தீர்களா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். "பிள்ளை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய ஹதீஸை எத்தனை ஜும்ஆக்களில் நான் விளக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வீடு வந்து சேரும்வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திய பிறகு, "மூன்று பேரையும் கட்டி இருத்த வழி செய்யும்வரைக்கும் நான் இந்தக் காரில் புத்தளம் வரமாட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அது அப்படித்தான்.

புத்தளம் போகாமல் இருக்க முடியாது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் நாங்கள். எனக்கு அப்போது பத்து வயது. கிடைத்த லொறியில், யாருடைய மடி யாருடைய தோள் என்று தெரியாமல் நெருங்கிக்கொண்டு வந்த பயணம் அது. 2009க்குப் பிறகு எங்களில் சில குடும்பங்கள் ஐந்து சந்திக்கும் சோனகத் தெருவுக்கும் திரும்பின. பல குடும்பங்கள் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டன. என் உம்மா, ராத்தா, மனைவியின் உம்மா எல்லாரும் அங்கேதான். அநுராதபுரம் வழியாகச் சுமார் 270 கிலோமீற்றர். வருடத்தில் நாலைந்து தடவையாவது போய்த்தான் ஆக வேண்டும்.

மடியில் வைத்திருப்பதைவிடப் பாதுகாப்பு எது என்று நம் வீடுகளில் கேட்பார்கள். என் மாமியும் அதைத்தான் கேட்டார். "நாங்கள் எட்டுப் பிள்ளைகளையும் மடியில் வைத்துத்தானே கொண்டு திரிந்தோம்!" மாமிக்கு நான் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவருக்கு அது ஏறக்குறைய 32 அடி உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுவதற்குச் சமம். 70 கிலோமீற்றரில் அந்த உயரம் 63 அடியாகிவிடும். வேகம் கொஞ்சம் கூடினால் உயரம் எப்படி இரட்டிப்பாகிறது பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நிற்கும்போது, நம் கையில் இருக்கும் பொருளின் பாரம் இருபது மடங்காகத் தெரியும். எட்டுக் கிலோப் பிள்ளை 160 கிலோ. மூன்று சீமெந்து மூட்டைகளை ஒரு நொடியின் சிறு பங்கில் இரண்டு கைகளால் தடுத்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. பாசம் குறைந்ததால் அல்ல, கையின் பலம் அவ்வளவுதான். தாயும் பட்டி போடாமல் இருந்தால், பிள்ளைக்கும் பலகைக்கும் நடுவில் அல்ல, பிள்ளைக்குப் பின்னால் அவருடைய பாரமும் வந்து விழும். ஒரே பட்டியை இருவரையும் சுற்றிப் போடுவதும் இதே கதைதான். பட்டிக்கும் தாயின் உடலுக்கும் இடையில் பிள்ளை நசுங்கும்.

இந்த மடிக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் பாடுபட்டு, காரில் குழந்தைகளுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற அந்நாட்டின் முதற் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். 1978 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டசபையில் சிலர், "தாயின் கையில் இருக்கும் குழந்தைக்கு இது வேண்டாம்" என்று ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். அந்த விலக்கை நீக்க அவர் மறுபடியும் போராட வேண்டி வந்தது, 1981இல்தான் நீக்கப்பட்டது. மாமி இதைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரிகளும் எங்களைப் போலத்தானா?" என்றார். அதோடு அவருடைய எதிர்ப்புப் பாதியாகக் குறைந்தது.

இனி ஆசனங்களுக்கு வருவோம். குழந்தையின் தலை அதன் உடலின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. முன்னோக்கி இருக்கும்போது கார் மோதினால் உடலைப் பட்டி பிடித்துக்கொள்ளும், தலையை எதுவும் பிடிக்காது. அதனால் சிறு குழந்தையைப் பின்னோக்கி, அதாவது காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, இருத்த வேண்டும். அப்போது முதுகு, கழுத்து, தலை எல்லாவற்றையும் ஆசனத்தின் ஓடு ஒன்றாகத் தாங்கும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1964இல் இந்த முறையைப் பரிசோதித்தார். அந்நாட்டில் நாலு வயதுவரை பிள்ளைகள் பின்னோக்கியே பயணம் செய்வது வழக்கமாகிவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மரணத்தைச் சரியான ஆசனம் 71 வீதம் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அடுத்தது, ஐந்து பட்டிகளால் பிள்ளையைக் கட்டும் முன்னோக்கிய ஆசனம். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு இடையில் ஒன்று. அதன் பிறகு, காரின் சொந்தப் பட்டி பெரியவர்களுக்குப் பொருந்துவது போல் பிள்ளைக்கும் பொருந்தச் செய்வதற்காக உயர்த்தி வைக்கும் ஆசனம். இதை பூஸ்டர் என்கிறார்கள். பூஸ்டர் இல்லாமல் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பட்டி போட்டுப் பாருங்கள்: தோள்பட்டி கழுத்தை அறுக்கும், இடுப்புப்பட்டி வயிற்றில் ஏறும். மோதும்போது அந்த வயிற்றுக்குள் இருப்பவைதான் காயப்படும். பட்டி தோளின் நடுவிலும் தொடையின் மேலும் படிய வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று வகை தேவைப்பட்டது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான் ஒருவர் தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மூன்று ஆசனங்களையும் எங்களுக்கே விட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் பரணில் இப்படி லண்டன், ரொறன்ரோ ஆசனங்கள் தூசு பிடித்துக் கிடக்கின்றன. இரவல் வாங்கலாம். ஆனால் மூன்று விடயம் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒன்று, ஐரோப்பிய ஆசனமானால் செம்மஞ்சள் நிற முத்திரையில், ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும். அதே முத்திரையில் ஆர்44 என்றோ ஆர்129 என்றோ எந்த ஒழுங்குவிதிப்படி செய்தது என்றும் இருக்கும். ஆர்44 பழையது, பிள்ளையின் நிறையை வைத்துப் பிரிப்பது. ஆர்129 புதியது, உயரத்தை வைத்துப் பிரிப்பது. பழையது என்பதற்காகப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. இரண்டு, செய்த திகதி ஆசனத்தின் அடியில் பிளாஸ்டிக்கில் பதிக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு; ஆறு முதல் பத்து வருடம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மூன்று, அது ஏற்கெனவே ஒரு விபத்தைக் கண்டிருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம். இதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெரிந்தவரிடமிருந்து மட்டும் வாங்குங்கள்.

மூன்று ஆசனமும் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முற்றத்தில் காரை நிறுத்தி, மூன்றையும் பின் ஆசனத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு உள்ளே போயின. மூன்றாவதை வைத்தால் கதவு பூட்டவில்லை.

அப்போதுதான் என் மனைவி தன் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். ஒரு கதவிலிருந்து மறு கதவுவரை உட்பக்கம் 122 சென்றிமீற்றர். பின்னோக்கிய ஆசனம் 44, முன்னோக்கிய ஆசனம் 45, முதுகுப் பலகை வைத்த பூஸ்டர் 46. கூட்டினால் 135. பதின்மூன்று சென்றிமீற்றர் இடிக்கிறது. ஆர்129இல் ஐ-சைஸ் என்று குறிக்கப்பட்ட ஆசனங்கள் 44 சென்றிமீற்றர் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அப்படி மூன்றை வாங்கினாலும் 132 வரும். சின்னக் காருக்கு அதுவும் போதாது. அகலத்தை அளக்காமல் ஆசனம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். கார் கதவின் உட்பக்கம் கைதாங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அளவுங்கள்.

அகலத்தை அளக்கும் முன்பு பட்டிகளை எண்ணுங்கள். இது இன்னும் முக்கியம். நம் ஊரில் நிறைய ஓடும் ஜப்பானிய வேகன்-ஆர் போன்ற சிறு கார்கள், அந்நாட்டில் கேய் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அகலம் 1.48 மீற்றருக்குள், இயந்திரம் 660 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவ்வகைக் காரில் நால்வருக்குத்தான் அனுமதி. பின்னால் பட்டி இரண்டுதான் இருக்கும். பின் ஆசனம் ஒரே நீளமாக இருப்பதால் மூவர் இருக்கலாம் போலத் தோன்றும். மூன்றாவது பிள்ளையைக் கட்ட அங்கே எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கார் உங்களுடையதானால், மூன்று ஆசனம் என்ற யோசனையைப் பின்னால் செய்யவே வேண்டாம். இரண்டு பின்னால், ஒன்று முன்னால் என்றுதான் வைக்கலாம். அந்த முன் ஆசன விடயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

எங்கள் காரில் பின்னால் மூன்று பட்டி இருந்தன. ஆனால் ஓரத்தில் உள்ள இரண்டுதான் தோளும் இடுப்பும் சேர்ந்தவை. நடுவில் இருந்தது வெறும் இடுப்புப்பட்டி. புதிய கார்களில் ஆசனத்தை நேரடியாகப் பூட்டும் ஐசோபிக்ஸ் என்ற இரும்பு வளையங்கள் உண்டு. எங்கள் பழைய காரில் அது இல்லை. முதலில் இதற்காகக் கவலைப்பட்டேன். பிறகு தெரிந்தது, மூன்று ஆசனம் வைக்க வேண்டியவர்களுக்கு அது இல்லாதது ஒருவகையில் நல்லது என்று. அந்த வளையங்கள் அசையாதவை. ஆசனம் அங்கேதான் நிற்கும். பட்டியால் கட்டும்போது ஒன்றிரண்டு சென்றிமீற்றர் கதவுப்பக்கம் தள்ளிக் கட்ட முடியும். சின்னக் காரில் அந்த ஒன்றிரண்டுதான் கதவைப் பூட்ட வைக்கும்.

முதலில், மூத்தவனின் பூஸ்டரை மாற்றினோம். முதுகுப் பலகை இல்லாத, 38 சென்றிமீற்றர் அகலமுள்ள ஒன்றைத் தேடி வாங்கினோம். முதுகுப் பலகை இருந்தால் பக்கவாட்டு மோதலில் தலைக்குப் பாதுகாப்புக் கூடுதல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயது, 124 சென்றிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு, காரின் ஆசன முதுகு காதளவுக்கு எட்டுமானால், பலகை இல்லாத பூஸ்டர் ஏற்றுக்கொள்ளத்தக்கதே. இப்போது கூட்டுத்தொகை 127. இன்னும் ஐந்து சென்றிமீற்றர் மிச்சம்.

அந்த ஐந்தை வென்றது வரிசைதான். ஆசனங்கள் செங்கல் போல எல்லா இடத்திலும் ஒரே அகலம் கொண்டவை அல்ல என்பதைக் கவனியுங்கள். பின்னோக்கிய ஆசனத்தில் குழந்தையின் தோளும் தலையும் இருக்கும் பகுதி அகலமானது. அது காரின் முன்பக்கம் நோக்கி இருக்கும். முன்னோக்கிய ஆசனத்தில் அகலமான பகுதி காரின் பின்பக்கம், ஆசன முதுகோடு ஒட்டி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ஒடுக்கத்துக்குள் மற்றதன் அகலம் போய்ப் பொருந்தும். பள்ளிவாசலில் செருப்பு அடுக்கும்போது ஒன்றைத் திருப்பி வைத்தால் இடம் மிச்சமாகிறதல்லவா, அதைப் போல. மூன்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தபோது தோற்ற இடத்தில், திருப்பி வைத்ததும் கதவு பூட்டியது.

எது நடுவில் என்பதில் பட்டிதான் தீர்ப்புச் சொன்னது. பூஸ்டரை வெறும் இடுப்புப்பட்டியோடு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தோள் கட்டப்படாமல் பிள்ளை இடுப்பில் மடிந்து முன்னே விழும். ஆகவே மூத்தவன் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். எங்களிடமிருந்த பின்னோக்கிய ஆசனத்தைச் சுற்றிக் கட்ட நீளமான தோள்பட்டி தேவை, அதுவும் ஓரம். எஞ்சியது மகளின் ஐந்து பட்டி ஆசனம். இவ்வகை ஆசனங்களில் எல்லாவற்றையும் இடுப்புப்பட்டியால் மட்டும் கட்ட முடியாது. கைநூலைப் பார்க்க வேண்டும். மச்சான் கைநூலையும் ஆசனத்தின் அடியில் செருகி வைத்திருந்தார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. அதில் இடுப்புப்பட்டிக்கு அனுமதி இருந்தது, படமும் இருந்தது. அனுமதி இல்லாத ஆசனமாக இருந்திருந்தால் எங்கள் ஏற்பாடு முழுவதும் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

இப்படியாக, முன்னால் இருக்கும் என் மனைவியின் பின்புறம் சின்னவன் பின்னோக்கி. நடுவில் மகள் முன்னோக்கி. எனக்குப் பின்னால் மூத்தவன் பூஸ்டரில். இதற்கு விலை கொடுத்தவர் மனைவிதான். சின்னவனின் ஆசனத்துக்கு இடம்விட அவருடைய ஆசனத்தை முன்னே இழுக்க வேண்டும். முழங்கால் பலகையைத் தொடுகிறது. எங்கள் பழைய காரில் அந்தப் பக்கம் காற்றுப்பை இல்லை. உங்கள் காரில் இருந்தால், பைக்கும் நெஞ்சுக்கும் இடையில் 10 அங்குலமாவது விட்டுத்தான் இருக்க வேண்டும். அதற்கு இடம் போதாவிட்டால் இந்த வரிசை உங்களுக்குச் சரிவராது.

கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரின் தோள்பட்டி மெதுவாக இழுத்தால் வரும், திடீரென இழுத்தால் மட்டும் பூட்டும். ஆகவே அதைச் சுற்றிவிட்டால் ஆசனம் இறுகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நல்ல ஆசனங்களில் பட்டியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பூட்டு இருக்கும். கனடாவிலிருந்து வரும் சில ஆசனங்களுக்கு அதற்கென ஓர் இரும்புக் கவ்வி தனியாக வரும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். முழங்காலை ஆசனத்தில் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அமர்த்திக்கொண்டு பட்டியை இழுக்க வேண்டும். பிறகு பட்டி போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. மூன்று ஆசனம் நெருங்கி இருக்கும்போது ஒன்று மற்றதைத் தாங்கி நிற்பதால் எல்லாமே இறுகியது போலத் தோன்றும். அது ஏமாற்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாக ஆட்டிப் பார்த்த பிறகே அடுத்ததை வையுங்கள். நாங்கள் நடு ஆசனத்தை முதலில் கட்டினோம்.

பெரிய தொல்லை மூத்தவனின் பூட்டில் வந்தது. பட்டியின் நாக்கைச் செருகும் பூட்டு, பூஸ்டருக்கும் நடு ஆசனத்துக்கும் இடையில் புதைந்துபோயிற்று. முதல் நாள் அவன் அழுதேவிட்டான். பூட்டு எட்டவில்லை என்று, தோள்பட்டியைக் கக்கத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு, "சரி வாப்பா" என்றான். பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள், கவனமாக இருங்கள். கக்கத்துக்குக் கீழே போட்ட பட்டி விலா எலும்பை முறிக்கும். பூஸ்டரைக் கதவுப்பக்கம் இன்னும் ஒரு விரல் தள்ளினோம். தினமும் பாடசாலைக்குப் போகும்போது அவனே பூட்டிப் பழகினான். ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பூட்டினான். இப்போதும் புறப்படும் முன் ஒரு தடவை பட்டியை இழுத்துப் பார்க்காமல் மனைவி என்னைக் கார் எடுக்க விடுவதில்லை.

எல்லாருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. பொருந்தாதபோது மூத்த பிள்ளையை முன் ஆசனத்தில், பூஸ்டரோடு, ஆசனத்தை முடிந்தவரை பின்னே தள்ளி இருத்தலாம். அப்படிச் செய்தால் தாய்க்கு இடம் எங்கே என்ற கேள்வி வரும். இரண்டு குழந்தை ஆசனங்களுக்கு நடுவில் ஒரு பெரியவர் 270 கிலோமீற்றர் இருந்து வர முடியாது. ஆனால் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் சகோதரிகள், தாமே ஓட்டும்போது, இது நல்ல வழி. பின்னோக்கிய ஆசனத்தை மட்டும் காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் வைக்கவே கூடாது. விரியும் பை ஆசனத்தின் முதுகில், குழந்தையின் தலைக்கு நேராக, மரணம் விளைவிக்கும் பலத்தோடு அடிக்கும். இது எனக்குத் தெரிந்த எச்சரிக்கைகளில் மிகக் கடுமையானது.

சட்டம் இயற்றியவர்களும் இந்தப் பதின்மூன்று சென்றிமீற்றர் பிரச்சினையைக் கண்டிருக்கிறார்கள். பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்றிமீற்றர் உயரம், இதில் எது முந்துகிறதோ அதுவரை குழந்தை ஆசனம் கட்டாயம். ஆனால் பின்னால் இரண்டு ஆசனம் பூட்டி மூன்றாவதுக்கு இடமில்லையானால், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை காரின் பட்டியை மட்டும் போட்டுக்கொண்டு வரலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நிக்கர்சன், சொலமன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2020இல் இன்னொன்றைக் கணக்கிட்டார்கள். பின் ஆசனத்தில் மூன்று ஆசனம் பிடிக்காது, பெரிய வாகனம் வாங்க வசதியில்லை என்பதற்காகவே அங்கே பல குடும்பங்கள் மூன்றாவது பிள்ளையைப் பெறாமல் விடுகின்றன என்கிறார்கள். அவர்கள் மதிப்பீட்டின்படி 2017ஆம் ஆண்டில் அச்சட்டங்கள் 57 குழந்தைகளின் உயிரைக் காத்தன. அதே ஆண்டில் சுமார் 8,000 பிறப்புகள் நடக்காமல் போயின. இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி, மடியில் இருந்த சின்னவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நல்லவேளை, நாங்கள் அளவு நாடாவை இவன் பிறந்த பிறகு எடுத்தோம்" என்றார்.

பெரிய வாகனம் வாங்குவது நமக்கும் இலேசல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் மல்ட்டிமாக் என்று, பின் ஆசனம் முழுவதையும் மூடும் ஒரே சட்டத்தில் மூன்று அல்லது நாலு குழந்தை இருக்கைகள் கொண்ட ஒன்றைச் செய்கிறார்கள். சிறிய காருக்கும் உண்டு. மச்சானிடம் விலை கேட்டேன். கேட்டதோடு விட்டுவிட்டேன்.

உடை விடயத்தில் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெருநாளுக்கு மகளுக்கு விறைப்பான வலை வைத்த கவுன் தைத்திருந்தோம். பட்டியை இறுக்கினால் அது வலையைத்தான் இறுக்குகிறது, பிள்ளையை அல்ல. அந்த உடையைப் பையில் வைத்துக்கொண்டு, மெல்லிய பருத்திச் சட்டையோடு ஏற்றினோம். புத்தளம் நெருங்கியதும் மாற்றினோம். இறுக்கம் போதுமா என்று அறிய, தோளெலும்பின் மேல் பட்டியை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. கைக்குழந்தையைத் துணியால் முழுவதும் சுற்றி ஆசனத்தில் கிடத்த முடியாது. கால்களுக்கு இடையில் பட்டி வர வேண்டும். கட்டிய பிறகு மேலால் துணியைப் போர்த்துங்கள். பின்னோக்கிய ஆசனத்தில் தோள்பட்டி பிள்ளையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வெளிவர வேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. அபாயா அணிந்த தாய்மாரும் பட்டியைத் துணிக் குவியலின் மேல் போடாமல் ஒதுக்கிவிட்டு, இடுப்புப்பட்டி எலும்பின் மேல் படியப் போட வேண்டும். கர்ப்பிணிகளானால் வயிற்றுக்குக் கீழே.

நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் பட்டியின் இரும்பு நாக்கு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். வெள்ளைத் துணியால் ஆசனங்களை மூடி வையுங்கள், ஏற்றும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஆசனத்தில் உறங்கிவிட்டான், எழுப்ப மனமில்லை என்று பிள்ளையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகவே வேண்டாம். ஐந்து நிமிடமானாலும் கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நாள் ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். முன்பெல்லாம் ஆறு மணித்தியாலத்தில் போய்ச் சேர்வோம். இந்தத் தடவை எட்டரை மணித்தியாலம் ஆயிற்று. சின்னவன் நாவற்குழி தாண்டியதும் அழ ஆரம்பித்தான். மனைவியின் கை தானாகப் பின்னே போயிற்று, தூக்கிவிடலாமா என்று. "ஆனையிறவில் நிறுத்துகிறேன்" என்றேன். நிறுத்தி, இறக்கி, பால் கொடுத்து, மறுபடி கட்டினோம். அழுதான். கிளிநொச்சியில் இன்னொரு தடவை. அதன் பிறகு உறங்கிவிட்டான். மாங்குளத்தில் அந்த இடத்தைக் கடக்கும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. வவுனியாப் பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் பிரயாணிகளுக்குரிய சலுகைப்படி சேர்த்துத் தொழுதோம். பிள்ளைகள் அங்கே அரை மணித்தியாலம் ஓடி விளையாடியதில் மீதி வழி இலேசாகப் போயிற்று. பால் கொடுக்கவும், துணி மாற்றவும், சும்மா அழுகையை ஆற்றவும் நிறுத்த வேண்டும். ஓடும் காரில் ஒரு நிமிடம் என்று பிள்ளையைக் கழற்றி எடுப்பதானால் இத்தனை பாடும் வீண்.

புத்தளத்தில் மாமி வாசலுக்கு வந்து, பின் கதவைத் திறந்து, மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். "என்ன மகன், பிள்ளைகளை மூட்டை கட்டிக் கொண்டு வந்திருக்கிறீங்க?" என்றார். சின்னவனை எடுக்கப் போனார். பட்டியைக் கழற்றத் தெரியவில்லை. சிவப்பு அழுத்தி மாமியின் விரலுக்கு விறைப்பாக இருந்தது. மூத்தவன் எட்டிக் கழற்றிக் கொடுத்தான். திரும்பி வரும் நாளில் சின்னவனைக் கட்டியவர் மாமிதான். கிள்ளியும் பார்த்தார்.

மகள் இப்போது 16 கிலோ. அவளுடைய ஆசனம் 18 கிலோவரைதான். அடுத்த வருடம் அவளும் பூஸ்டருக்குப் போக வேண்டி வரும், நடுவில் இருப்பதோ இடுப்புப்பட்டி. அவளை ஓரத்துக்கு எடுத்தால் சின்னவன் நடுவுக்கு வர வேண்டும். அவனுக்கு இடுப்புப்பட்டியால் கட்ட அனுமதியுள்ள, 40 சென்றிமீற்றருக்கு மேற்படாத ஓர் ஆசனம் தேவை. இப்போதே மச்சானுக்கு எழுதியிருக்கிறேன். அளவு நாடா தையல் பெட்டிக்குத் திரும்பவில்லை. காரின் முன் பெட்டியிலேயே கிடக்கிறது.